சம்பந்தி வீட்டுச் சம்பா

நெல்லைப் பற்றி எனக்கு யாரும் புதிதாக ஒன்றும் சொல்லிவிட முடியாது என்ற திமிர் எனக்கு நிறையவே உண்டு. முப்பது வருடமாகச் சேற்றில் நிற்கிறவளுக்கு அந்தத் திமிர்கூட இல்லாவிட்டால் எப்படி? யாழ்ப்பாணத்தில் நான்கே நாளில் அதை இறக்கி வைத்துவிட்டு வந்தேன்.

மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பழைய நெல் ரகங்களின் விதையைச் சேர்த்து வைப்பதும், கேட்கிறவர்களுக்குக் கொடுப்பதும், மைக் கிடைத்த இடத்தில் எல்லாம் அதைப் பற்றிப் பேசுவதும் என் வேலை. 'சம்பா தேவகி' என்றால் எங்கள் வட்டாரத்தில் தெரியும். என் பேச்சு ஒன்றை யாரோ படம் பிடித்துப் போட, அது சுற்றிச் சுற்றி யாழ்ப்பாணத்தில் ஓய்வு பெற்ற பள்ளி அதிபர் ஒருவரின் போனுக்குப் போயிருக்கிறது. அங்கே தலைமையாசிரியரை அப்படித்தான் சொல்வார்கள். அவர் முத்து முத்தான கையெழுத்தில் ஒரு கடிதம் எழுதி, அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார்.

'என் ஒரே மகள் எஸ்தருக்கு வரும் தை மாதம் திருமணம். மாப்பிள்ளை பிரேசில் நாட்டவர். சம்பந்தி வீட்டார் அங்கே மூன்று தலைமுறையாகச் சம்பாப் பள்ளிக்கூடம் நடத்தி வருகிறார்கள். என் மகளோ கிணற்றுத் தண்ணீரை ஆராய்பவள். நெல்லுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் அறியாள். போகிற இடத்தில் அவள் தலைகுனியக் கூடாது. தாங்கள் வந்து நான்கு நாள் தங்கி அவளுக்குச் சம்பாவைப் பற்றிப் படிப்பித்து உதவ வேண்டும்' என்று இருந்தது.

படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மகளுக்கு நகை செய்து போடுகிற அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். புகுந்த வீட்டுத் தொழிலைக் கற்றுக்கொடுக்க ஆள் தேடும் அப்பாவைப் பார்த்ததில்லை. பிரேசிலில் நெல் விளைகிறது என்பது எனக்குத் தெரியும். நெல்லுக்கென்று ஒரு பள்ளிக்கூடம், அதுவும் மூன்று தலைமுறையாக நடக்கிறது என்றால் நம் பக்கம் ஒன்று இல்லையே என்று பொறாமையாகக்கூட இருந்தது. இதை வாசிக்கும் நீங்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். நான் சிரிக்கவில்லை. எனக்குத் தெரிந்த சம்பா ஒன்றே ஒன்றுதான்.

புதன்கிழமை போய் இறங்கினேன். விமானத்தில் கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் இறங்கச் சொல்லிவிட்டார்கள். எங்கள் ஊரிலிருந்து சென்னைக்குப் போவதற்கே ஒரு ராத்திரி ஆகிறது. கடல் தாண்டிய வெளிநாடு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு இத்தனை காலம் நமக்கு ஒன்றும் தெரியாமல் இருந்ததே என்பது முதல் அதிர்ச்சி.

அதிபர் ஓட்டோவோடு வந்து நின்றார். அறுபத்தெட்டு வயது. கார்த்திகை மழைத் தூறலில் வெள்ளைச் சட்டைக்கு மேல் கழுத்துப்பட்டி, அதாவது டை, கட்டியிருந்தார். பின்னால் ஒட்டிக்கொண்டு எஸ்தர். மெலிந்த பெண், இருபத்தெட்டு இருபத்தொன்பது இருக்கும். என் கையிலிருந்த விதை நெல் பொட்டலங்களை விமான நிலையத்தில் பிடுங்கிக்கொண்டு விட்டார்கள் என்று நான் புலம்பியபோது அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்ததாக இப்போது தோன்றுகிறது. அப்போது கவனிக்கவில்லை.

"பயணம் சுகமோ அம்மா? களைச்சுப் போனியளோ?" என்றார் அதிபர்.

"களைக்கறதுக்கு எங்கங்கய்யா நேரம் குடுத்தாங்க" என்றேன். அவர் சிரித்தார். வழியெல்லாம் ஆட்கள் சைக்கிளை நிறுத்தி அவருக்கு மரியாதை சொன்னார்கள். ஓட்டோக்காரரும் அவரிடம் படித்தவராம். கண்ணாடியில் பார்த்து ஒவ்வொரு வளைவிலும் "ஓம் சேர், ஓம் சேர்" என்றார். நம் 'ஆமாம் சார்'தான் அது.

வீடு இணுவில் பக்கம். பழைய மிஷன் குடும்பம். ஹாலில் ஒரு பியானோ, ஒரு பைபிள், எட்டு வருடங்களுக்கு முன் இறந்துபோன மனைவியின் படம். மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, முருங்கைக்காய், கீரை, கண்ணில் நீர் வரவழைக்கும் ஒரு மீன் குழம்பு. சோற்றைக் காட்டி அதிபர் பெருமையாகச் சொன்னார்: "சம்பா. உங்களுக்காக எடுப்பிச்சனான்."

கையில் எடுத்துப் பார்த்தேன். குட்டையாக, உருண்டையாக, எங்கள் சீரகச் சம்பாவுக்குத் தம்பி மாதிரி ஒன்று. வாய் சும்மா இருக்காதே. "இதையா நீங்க சம்பாங்கறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"ஏன், இது சம்பா இல்லையோ?"

எங்கள் பக்கம் சம்பா என்பது முதலில் ஒரு பட்டம், விதைக்கிற பருவம். ஆடிக்குப் பிறகு விதைத்துத் தையில் அறுக்கிற நீண்ட காலப் பயிர். அதில் குண்டும் உண்டு, சன்னமும் உண்டு, சிவப்பும் உண்டு என்று விளக்கினேன். இங்கே கடையில் நாடு என்று ஓர் அரிசி, சம்பா என்று ஓர் அரிசி. சிறிய மணியாக இருந்தால் அது சம்பா, அவ்வளவுதான். இருபது மைல் கடலுக்குள் ஒரே சொல் இப்படி ஆள் மாறிப் போயிருக்கிறதே என்று நான் சோற்றையே பார்த்துக்கொண்டிருக்க, அதிபர் கொப்பி ஒன்றை எடுத்துத் தேதி போட்டு எழுதத் தொடங்கினார்.

"அப்ப பிரேசில்காரருக்குச் சம்பா எண்டால் அரிசியோ, பட்டமோ?" என்று மகளைப் பார்த்துக் கேட்டார்.

"தெரியேல்லை அப்பா. கேட்டுப் பாக்கிறன்" என்றாள் எஸ்தர். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

அன்று மாலை முதல் வகுப்பு. மாணவிக்குக் கவனமே இல்லை. மாணவியின் அப்பா மூன்று பக்கம் குறிப்பு எடுத்தார். சனிக்கிழமை நாலு மணிக்குச் சபை மண்டபத்தில் நான் எல்லாருக்கும் பேச வேண்டும் என்றார். "சபையிலை எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். சம்பந்தி வீட்டுக்காரர் கமத்தொழில் படிப்பிக்கிற ஆக்கள் எண்டு. நாலு மாதமாய் எல்லாரும் அதைத்தான் கதைக்கினம்." கமத்தொழில் என்றால் அங்கே விவசாயம். எஸ்தர் எழுந்து உள்ளே போய்விட்டாள். கல்யாணக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை சண்டிலிப்பாயில் ஒரு வயலைக் காட்ட அவளை அழைத்துப் போனேன். அவள்தான் என்னை அழைத்துப் போனாள் என்பதே சரி. பஸ்ஸில் ஏறினோம். பத்து நிமிடத்தில் தண்ணீர் தேங்கிய ஒரு பள்ளத்தில் வண்டி மூச்சை நிறுத்திக்கொண்டது. எங்கள் ஊராக இருந்தால் அரை பஸ் இறங்கி டிரைவருக்கு யோசனை சொல்லும், மீதி அரை பஸ் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்கும். இங்கே யாரும் அசையவில்லை. "பொறுங்கோ, வெளிக்கிடும்" என்று கண்டக்டர் சொன்னார். பொறுத்தார்கள்.

பக்கத்து இருக்கையில் ஒரு அம்மா, சுவீடனிலிருந்து விடுமுறைக்கு வந்தவர். கை நிறைய வளையல். எங்கிருந்து வருகிறேன், எதற்கு வந்தேன் என்று விசாரித்தார். "இந்தப் பொண்ணுக்குத் தையில கல்யாணம். அதுக்கு முன்னால சம்பாவைப் பத்திப் பாடம் எடுக்க வந்திருக்கேன்" என்றேன்.

அந்த அம்மா எஸ்தரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் காதருகே வந்து, "இஞ்சையும் உது வந்திட்டுதோ?" என்றார்.

"எது?"

"சம்போ! எங்கடை சுவீடனிலை சம்போ எண்டால் கலியாணம் கட்டாமல் ஒரு வீட்டிலை ஒண்டாய் இருக்கிறவை. என்ரை மூத்தவள் உப்பிடித்தான் இருக்கிறாள். அதுக்கும் இப்ப பாடம் எடுக்கினமோ?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயையோ, அது சம்போ. நான் சொல்றது சம்பாம்மா, சோறு, சாப்பிடற சோறு!" என்று நான் போட்ட சத்தத்தில் முன் சீட்டில் தூங்கியவர் எழுந்துகொண்டார். அந்த அம்மாவும் நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார். சிரிக்காத ஒரே ஆள் எஸ்தர். முகம் வெளுத்துப் போயிருந்தாள்.

பஸ் வெளிக்கிட்டு, சண்டிலிப்பாயில் இறங்கி, வயல் வரப்பில் நடந்தோம். எங்களைப் போல நாற்றுப் பறித்து நடுவது இங்கே அபூர்வமாம். மழையை நம்பி விதைத்துவிடுகிறார்கள். ஒரு ஜாண் பயிர் தண்ணீரில் நின்றது. பக்கத்து மேட்டில் புகையிலைக்கு மண் கொத்திக்கொண்டிருந்தார்கள். நான் பாடத்தைத் தொடங்கினேன். தூர் கட்டுவது என்றால் என்ன என்று சொல்லக் குனிந்தபோது, பின்னாலிருந்து, "அன்ரி, எனக்கு இது ஒண்டும் தேவையில்லை" என்று கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். போனை நீட்டிக்கொண்டு நின்றாள்.

அதில் ஒரு தெரு. நம் தேர்த் திருவிழாவுக்கு வருகிற கூட்டம். நூறு இருநூறு மேளம். தேர் மாதிரியே அலங்கரித்த வண்டி. அதன் முன்னால் தலையில் ஆளுயர இறகும், உடம்பில் மினுமினுப்பும், அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லாமலும் பெண்கள் ஆடிக்கொண்டு போனார்கள். ஆடுவது என்று சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது. கால் தரையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத வேகம்.

"என்னம்மா இது?"

"இதுதான் அன்ரி அவையின்ரை சம்பா. ஆட்டம். சம்பாப் பள்ளிக்கூடம் எண்டால் இந்த ஆட்டம் பழகிற இடம். அங்கை ஊருக்கு ஊர் இருக்கு. றபாயேலின்ரை அம்மம்மாவுக்கும் அம்மா தொடங்கினது, இப்ப அவரின்ரை அம்மா நடத்திறா."

றபாயேல் என்பது மாப்பிள்ளை. இங்கிலாந்தில் இவள் படிக்கப் போனபோது அவனும் அங்கே படித்திருக்கிறான். நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். சேலையெல்லாம் சேறு. முப்பது வருடமாக நான் ஊர் ஊராகக் கத்திய சொல்லை உலகத்தின் அந்தக் கோடியில் ஒரு கூட்டம் இறகு கட்டி ஆட விட்டிருக்கிறது. எனக்குத் தெரியவே தெரியாது.

"அப்ப உங்கப்பா?"

"சம்பந்தி என்ன தொழில் எண்டு கேட்டவர். சம்பாப் பள்ளிக்கூடம் எண்டு சொன்னனான். நான் பொய் சொல்லேல்லை அன்ரி. உடனை முகமெல்லாம் மலர்ந்து, நெல்லுக்கோ எண்டு கேட்டார். நான்..." நிறுத்தினாள். "நான் தலையாட்டிப்போட்டன். அண்டைக்குத்தான் கலியாணத்துக்கு ஓம் எண்டவர்."

"நெல்லு இல்ல, ஆட்டம்னு சொன்னா என்ன? தலையையா வாங்கிடுவார்?"

"உங்களுக்கு அப்பாவைத் தெரியாது. பள்ளிக்கூட விழாவிலை ஒரு பிள்ளை கொஞ்சம் இடுப்பை ஆட்டினால் போதும், மேடையிலை ஏறிப் பாட்டை நிப்பாட்டிறவர். அந்தப் பிள்ளைகளிலை ஒண்டு நான்."

கோபம் தலைக்கேறியது எனக்கு. யார் மேல் என்று தெரியவில்லை. அப்பாவை ஏமாற்றியது போதாதென்று என்னையும் கூட்டிவந்து உட்கார வைத்திருக்கிறாளே என்று அவளைத் திட்டினேன். நன்றாகவே திட்டினேன். சனிக்கிழமை மண்டபத்தில் ஏறி, பிரேசில் நெல்லை நான் புகழ வேண்டுமா? அது மட்டும் நடக்காது. "சனிக்கிழமைக்குள்ள நீ சொல்லணும். இல்லேன்னா நான் சொல்லிடுவேன். நான் சொல்றதவிட நீ சொல்றதுதான் உனக்கு மரியாதை" என்றேன். அழுதாள். திரும்புகிற பஸ் ஒரு கோளாறும் இல்லாமல் ஓடியது.

வெள்ளிக்கிழமை முழுக்க அவள் சொல்வாள் சொல்வாள் என்று நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலை இடியப்பத்துக்கும் சொதிக்கும் நடுவில் ஒரு முறை "அப்பா" என்றாள். "என்ன பிள்ளை?" என்றார். "சொதிக்கு உப்புக் காணுமோ?" என்று கேட்டாள். மத்தியானம் நண்டுக்கறி. அந்த உறைப்பில் என் காது அடைத்துவிட்டது. இவ்வளவு மிளகாயைத் தின்றுவிட்டு இவர்கள் எப்படி இவ்வளவு மெதுவாகப் பேசுகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நண்டுக் காலை உடைத்துக்கொண்டே அவள் இன்னொரு முறை "அப்பா" என்றாள். அதுவும் தண்ணீர் வேண்டுமா என்பதில் முடிந்தது. அதிபரோ நாற்றங்கால், அடியுரம் என்று கொப்பியில் கோடு போட்டு எழுதிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

மாலை ஆறரை மணி. பிரேசிலில் அப்போது காலை பத்து மணியாம். எஸ்தரின் போன் அடித்தது. மாப்பிள்ளையும் அவன் அம்மாவும். அம்மாவின் பெயர் லூசியா. அறுபத்திரண்டு வயது, வெள்ளை முடி, வீட்டுச் சட்டை, கையில் கரண்டி. அடுப்படியில் நின்று பேசினார். அதிபர் அவசரமாகக் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு, போனைப் பியானோ மேல் சாய்த்து வைத்து, என்னையும் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தார்.

லூசியா தன் மொழியில் பேச, மகன் அதை ஆங்கிலத்தில் சொல்ல, எஸ்தர் தமிழில் சொல்ல வேண்டும். எஸ்தரின் குரல் வெளியே வரவேயில்லை. அதிபருக்கு ஆங்கிலம் தெரியும் என்பதால் அவரே எனக்கு எடுத்துச் சொன்னார்.

"தன்ரை மருமகளுக்காக இந்தியாவிலை இருந்து சம்பா ஆசிரியை வந்திருக்கிறா எண்டு கேள்விப்பட்டு இரவு முழுக்க அழுதவவாம். உங்களுக்கு எத்தினை வருச அனுபவம் எண்டு கேக்கிறா."

"முப்பது வருஷம்" என்றேன்.

"முப்பது வருசம்! தானும் ஆறு வயசிலை தொடங்கினவவாம். தாங்கள் ஒருக்கால் யப்பானுக்குப் போனவையாம். அங்கை சம்பா எண்டால் மருத்துவச்சியாம், பழைய சொல்லாம். பிள்ளைப்பேறு பாக்கிற ஆக்கள் முப்பது பேர் விமானத்திலை வந்திறங்கியிருக்கினம் எண்டு ஒரு கிழவி நினைச்சவவாம்." அதிபர் அடக்க முடியாமல் சிரித்தார். பிறகு நெற்றியைச் சுருக்கினார். "ஆனால் நெல்லுக்கு ஏன் முப்பது பேர் யப்பானுக்குப் போனவை?"

நான் எஸ்தரைப் பார்த்தேன். எஸ்தர் தரையைப் பார்த்தாள். அங்கே லூசியாவுக்கு இது ஒன்றும் தெரியாது. என்னைப் பார்த்துக் கையைக் காட்டி ஏதோ கேட்டார்.

"உங்கடை ஊர்ச் சம்பாவை ஒருக்கால் காட்டட்டாம். முதல் தான் காட்டிறாவாம்" என்றார் அதிபர். "என்னத்தைக் காட்டிறது? அரிசியையோ?"

அதற்குள் லூசியா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். வாயாலேயே தாளம் போட்டார். பிறகு ஆடினார். பருத்த உடம்பு, வீட்டுச் செருப்பு, பின்னால் அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. அந்தக் கால்கள் மட்டும் வேறு யாருடையவையோ போல ஓடின. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவ என்ன செய்யிறா?" என்றார் அதிபர்.

"ஆடுறா அப்பா."

"ஏன்?"

"அதுதான் அப்பா சம்பா."

லூசியா மூச்சு வாங்கிக்கொண்டு திரும்ப வந்து நின்று, என்னை ஆடச் சொன்னார். மூட்டு வலி என்று சொல்லித் தப்பித்தேன். அதில் பொய் எதுவும் இல்லை. அதிபர் ஆங்கிலத்தில், மிக மரியாதையாக, அவருக்கு நன்றி சொன்னார். வீட்டில் எல்லாருடைய நலனையும் கேட்டார். போனை அணைத்தார். அந்த இரண்டு நிமிடத்தில் அவருக்குப் பத்து வயது கூடிவிட்டது.

"பள்ளிக்கூடம் எண்டது உதுக்கோ?"

"ஓம் அப்பா."

"ஆட்டம் எண்டால் நான் விடமாட்டன் எண்டு நினைச்சனியோ?"

"ஓம்."

"சரியாத்தான் நினைச்சிருக்கிறாய்" என்றார் அவர். "விட்டிருக்க மாட்டன்."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பிட வரவில்லை. எஸ்தர் அந்தக் கதவுக்கு வெளியே ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள். கூப்பிடவும் இல்லை, தட்டவும் இல்லை. நான் என் பெட்டியைக் கட்டி வைத்தேன். ஒரு சொல், அரிசி என்று நினைத்துக்கொண்டு எத்தனை பேர் அதை வைத்துக் கனவு கண்டுவிட்டோம்! இந்தக் கல்யாணம் இனி நடக்காது என்றே நான் முடிவு கட்டினேன்.

சனிக்கிழமை காலை அதிபரைக் காணோம். சைக்கிளையும் காணோம். பத்து மணிக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. மத்தியானம் ஓட்டோக்காரர் வந்தார். "சேர் மண்டபத்திலை கதிரை அடுக்கிறார். உங்களை நாலு மணிக்குக் கூட்டிவரச் சொன்னவர். தங்கச்சியையும்" என்றார்.

"ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டேன்.

"இல்லை அம்மா. கழுத்துப்பட்டி கட்டேல்லை. அதுதான் எனக்குப் பயமாயிருக்கு."

மண்டபம் நிறைந்திருந்தது. எண்பது பேராவது இருப்பார்கள். முன் வரிசையில் போதகரும் அவர் மனைவியும். சண்டிலிப்பாயிலிருந்து கமக்காரர்கள் சிலர், கையில் பூச்சி அரித்த நெற்பயிரோடு. சுவரில் பெரிய எழுத்தில் 'சம்பா: ஒரு விளக்கம்' என்று எழுதி ஒட்டியிருந்தது. எஸ்தர் கடைசி வரிசையில் கதவோரம் போய் உட்கார்ந்தாள். ஓடிவிடப் போகிறாளோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

அதிபர் மைக்கைப் பிடித்தார். நேராக விஷயத்துக்கு வந்தார்.

"சம்பந்தி வீட்டுக்காரர் நெல் படிப்பிக்கிறவை எண்டு நான் உங்கள் எல்லாருக்கும் சொல்லியிருந்தன். அது பிழை. எங்களுக்குச் சம்பா எண்டால் சோறு. அவையளுக்குச் சம்பா எண்டால் ஆட்டம். அவையள் ஆட்டம் படிப்பிக்கிற ஆக்கள். வீதியிலை ஆடுறவை."

போதகரின் மனைவி விசிறிக்கொண்டிருந்த தாள் அப்படியே நின்றது.

"நேற்று அந்த மனிசி ஆடினதைப் பாத்தனான். அறுபத்திரண்டு வயசு. குசினியிலை நிண்டு, தன்ரை மருமகளுக்கெண்டு ஆடிக் காட்டினவ. எனக்குக் கோபம் வந்தது. இரவு முழுக்க இருந்து யோசிச்சன். அந்த வீட்டிலை என்ரை பிள்ளை எதையும் பயப்பிடாமல் கதைக்கும். என்ரை வீட்டிலை நாலு மாதம் பயந்துகொண்டு இருந்திருக்கிறாள். பள்ளிக்கூடத்திலை எல்லாப் பிள்ளையளும் எனக்குப் பயம் எண்டு நான் பெருமைப்பட்டவன். என்ரை பிள்ளையும் அதிலை ஒண்டு எண்டு எனக்கு நேற்றுத்தான் தெரியும்." அவர் குரல் உடைந்தது. ஒரு முறை இருமிச் சரிசெய்துகொண்டார். "கலியாணம் அதே தேதியிலைதான். வாறவை வாங்கோ. வராதவையிலை எனக்குக் கோபம் இல்லை."

ஒரு மனிதர் தன்னை இப்படி எண்பது பேர் முன்னால் வெட்டிப் போட்டுவிட்டு நிமிர்ந்து நிற்பதை நான் என் ஊரில் கண்டதில்லை. கடைசி வரிசையிலிருந்து கமக்காரர் ஒருவர் எழுந்து, "அப்ப சேர், நெல்லு வகுப்பு இருக்கோ, இல்லையோ?" என்று கேட்டார். "இருக்கு" என்றார் அதிபர். நான் எழுந்து நின்றேன். பேச வாயைத் திறந்தேன்.

"அப்பா" என்று ஒரு குரல்.

எஸ்தர் கதவோரம் எழுந்து நின்றாள். ஒரு கையால் முன் கதிரையைப் பிடித்திருந்தாள்.

"இன்னும் ஒண்டு இருக்கு அப்பா."

மண்டபம் மொத்தமும் திரும்பியது. நானும் திரும்பினேன். வரப்பில் என்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்றல்லவா நினைத்திருந்தேன்!

"நானும் ஆடுறனான். இங்கிலாந்திலை ரெண்டு வருசமாய்ப் பழகினனான். மாசி மாதம் அவையின்ரை விழாவிலை நானும் அவையளோடை வீதியிலை ஆடப்போறன்."

எனக்குப் போனில் பார்த்த அந்த இறகும் மினுமினுப்பும் கண் முன்னால் வந்து நின்றன. அதிபர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு மகளைப் பார்த்தார்.

"என்ன உடுப்போடை?"

யாரோ ஒருவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

"அதை வீட்டை போய்ச் சொல்லுறன் அப்பா."

"வேண்டாம்" என்றார் அதிபர். மைக்கை மேசையில் வைத்துவிட்டு, கதிரைகளுக்கு நடுவே அவளை நோக்கி நடந்தார். "பிறகு சொல்லுறன் எண்ட கதை இனி எங்களுக்குள்ளை வேண்டாம். இப்பவே சொல்லு."

சொன்னாள். மண்டபம் முழுக்கக் கேட்டது.